மைதானமும் நம் உரிமையே



1958ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இத்தீவில் தமிழர் தாக்கப்பட்ட அதே நாட்களில், டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். இனத்தை வதைத்த நாட்டுக்கு அவ்வினத்தின் மைந்தரே புகழ் சேர்த்தார்!

அவருக்குக் கல்லூரி மைதானம் வாய்த்தது. தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வரும் உழவர் மகனுக்கு எது வாய்க்கிறது? மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டிக்கு ஆண்டுதோறும் திரள்கிறோம், ஆரவாரிக்கிறோம். ஆயின் வேலிக்கு வெளியே நிற்கும் சிறுவனை மறக்கிறோம்.

கல்லூரி வாயில்கள் மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும்! பிரதேச சபைகள் கிராமந்தோறும் விளையாட நிலம் ஒதுக்கட்டும்! காணி உரிமைக்கு வழக்காடும் நாம், இதற்காகவும் வழக்காடுவோம்!