கண்ணுக்குப் புலனாகா ஒளியும் யுரேனசும்



1781ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆந் திகதி இரவு, இங்கிலாந்தின் பாத் நகரிலே, வில்லியம் ஹேர்ஷல் என்னும் சங்கீத வித்துவான் தாமே செய்த தொலைகாட்டியினூடாக ஒரு புதிய பொருளைக் கண்டார். வால்வெள்ளி என்றே முதலில் எண்ணினார். அது யுரேனசுக் கோள். 1800இல் அவரே சூரிய ஒளியை அரியத்தினாற் பிரித்து நிறங்கள் தோறும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், வெப்பமானி மேலும் ஏறிற்று! அவ்வொளியே செங்கீழ்க் கதிர். தாம் கண்ட கோளை ஆராய்வதற்குத் தாம் கண்ட இவ்வொளியே கருவியாகுமென்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

நெருப்பு மாத்திரமே கதிர் வீசும் என்று நாம் கருதுதல் கூடாது. பனிக்கட்டியும் வீசும். யுரேனசின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 214 பாகை செல்சியசு. இத்துணைக் குளிர்ந்த பொருள் வீசும் கதிரின் அலைநீளம் 50 மைக்கிரன் அளவில் மிகுந்து நிற்கும். நாம் காணும் ஒளியினதைப்போல் அது நூறு மடங்கு. ஆனால் நம் தலைக்கு மேலுள்ள நீராவி அதனை விழுங்கிவிடுகின்றது. ஆகவே வானவெளிக்கே சென்று பார்க்கவேண்டியதாயிற்று.

2009ஆம் ஆண்டு ஐரோப்பியர் 3.5 மீற்றர் ஆடி கொண்ட தொலைகாட்டியொன்றை ஏவினர். அதற்கு ஹேர்ஷலின் பெயரையே சூட்டினர். 2013இல் குளிரூட்டும் திரவ ஈலியம் தீரும்வரை அது உழைத்தது. யுரேனசின் வாயுமண்டலம் பெரும்பாலும் ஐதரசன். சாதாரண ஐதரசன் மூலக்கூறு இக்கதிரிலே தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொள்வதில்லை. ஓரணு பார ஐதரசனாயிருப்பின், 56, 112 மைக்கிரன்களில் மெல்லிய கோடுகள் தோன்றும். அக்கோடுகளை அளந்தபோது, 10 இலட்சம் ஐதரசன் அணுக்களுக்குப் பார ஐதரசன் ஏறத்தாழ 44 என்று கண்டனர். நம் கடல்நீரில் அது 156 அளவு.

இச்சிறு எண்ணிலே பெரியதொரு வழக்கு அடங்கியிருக்கின்றது. யுரேனசையும் நெப்தியூனையும் 'பனிப் பேருருக்கள்' என்றழைப்பது வழக்கம். வால்வெள்ளிகளின் பனியில் பார ஐதரசன் மிகுதி. அத்தகைய பனியே கோளின் உள்ளே நிறைந்து, வாயுவுடன் கலந்துமிருந்தால், 44 போதாது. கலப்பு முழுமையாயின், உள்ளே பனியினும் பாறையே கூடுதல் என்பது 2013இல் வெளியான அவ்வாய்வின் கணக்கு. கலப்பு முழுமையானதா என்பதுதான் இடறும் இடம். பெயர் வைப்பது எளிது, பொருள் காண்பது அரிது என்று நமக்குத் தோன்றுகின்றது.

வெப்பக் கணக்கும் இவ்வாறே திரும்பிற்று. 1986இல் வோயேஜர் 2 கடந்து சென்றபோது, யுரேனசு பெறும் வெப்பத்துக்கும் விடும் வெப்பத்துக்கும் வேறுபாடு அநேகமாக இல்லையென்றே கண்டனர். நெப்தியூனோ பெறுவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் விடுகின்றது. யுரேனசுக்கு ஓராண்டு நமக்கு 84 ஆண்டுகள். ஒரு நாளைய பார்வையால் அதன் வரவுசெலவு அறியப்படுமா? பல்லாண்டு அவதானங்களைச் சேர்த்து 2025இல் வெளியான ஆய்வுகள், அது பெறுவதிலும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக விடுகின்றதெனக் காட்டின. உள்ளே பழைய வெப்பம் இன்னும் இருக்கின்றது.

ஆயினும் நியோன், ஆகன் முதலிய வாயுக்கள் இக்கதிரிலும் அடையாளங் காட்டா. அதனாலேயே, யுரேனசைச் சுற்றிவந்து அதன் வாயுமண்டலத்துள் ஒரு கருவியை இறக்கும் பயணத்துக்கு முதலிடம் அளிக்குமாறு, 2022இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கை பரிந்துரைத்தது.