வேர்த்தா சர்க்கரையைப் பாருங்க



கடன், வசூல் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நாம வெளியில பேசாத ஒண்ணை நான் பேசுறேன்.

என் மாமியாருக்கு வயசு 51. பத்து வருஷமா சர்க்கரை. மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் ஆச்சு. ராத்திரியில வேர்த்துக் கொட்டும், படபடன்னு வரும். 'இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே' என்று விட்டுட்டோம். ஒருநாள் ராத்திரி பேச்சே குழறிடுச்சு. பக்கத்து வீட்டு சுகர் மிஷின்ல குத்திப் பார்த்தா 54! மாத்திரையைப் போட்டுட்டு, பசியில்லைன்னு சாப்பிடாம படுத்திருக்காங்க. சர்க்கரைத் தண்ணி குடிச்சு, கால் மணி நேரத்தில தெளிஞ்சாங்க.

மாதவிலக்கு நிற்கும்போதும் வேர்க்கும். சர்க்கரை இறங்கினாலும் வேர்க்கும். குத்திப் பார்த்தால்தான் தெரியும். 70க்குக் கீழே இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் குடிங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு. மாதவிலக்கு நின்னதும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையுது. வயித்துல கொழுப்பு சேருது, ரத்தத்துல கெட்ட கொழுப்பு கூடுது. சர்க்கரையும் சேர்ந்தா இதயத்துக்கு ஆபத்து. அதனால பி.பி., கொழுப்பு, மூணு மாதச் சராசரி சர்க்கரை எல்லாம் பார்க்கணும். நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆகி மறுபடி ரத்தம் பட்டா, உடனே டாக்டர்கிட்ட போகணும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கு வந்தா மாத்திரையை மட்டும் வாங்காதீங்க, வேர்வையையும் சொல்லுங்க. குழுக் கூட்டத்துல கடனைக் கேட்கிற மாதிரி, ஒருத்தர் உடம்பை ஒருத்தர் கேட்போம்.