உழைக்க வந்த ஊரில் உரிமையோடு வாழ்வோம்

(மே தினத்தன்று பிம்ப்ரியில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில், சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று மே முதல் நாள். நமக்கு இது இரட்டைத் திருநாள். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்திய மண்ணில் முதன்முதலாகச் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். 1960இல் இதே நாளில் மராட்டிய மாநிலம் பிறந்தது. அந்த மாநிலத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட மராட்டிய மக்கள் உயிர் கொடுத்தார்கள். அவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் பலர். ஆகவே உழைப்பாளி என்ற முறையிலும், இந்த மாநிலத்தின் சோற்றை உண்பவர் என்ற முறையிலும் இரண்டு விழாக்களையும் நாம் நம்முடையவையாகவே கொண்டாடுகிறோம்.

ஆனால் கொண்டாடிவிட்டுக் கலைந்து போக இக்கூட்டத்தைக் கூட்டவில்லை. "எந்த ஊர்க்காரன்?" என்று ஒருவன் கேட்டால் நம் பிள்ளை என்ன பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் என்ன பலம் இருக்கிறது என்பதைப் பேசவே கூடியிருக்கிறோம்.

யார் இந்த 'மதராசி'?

நம் முன்னோர் இங்கே வந்து கொள்ளையடிக்கவில்லை. 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் பிம்ப்ரியில் அமைந்தது. நாம் 'எச்.ஏ. கம்பெனி' என்று சொல்லும் அந்த ஆலைதான் இந்தியாவுக்குப் பெனிசிலின் கொடுத்தது. 1962இல் மராட்டியத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. பின்னர் டெல்கோவும் பஜாஜும் இன்னும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் வந்தன. அதற்கும் முன்பே, 1947 பிரிவினையில் வீடிழந்த சிந்தி மக்களுக்கு இங்கே அகதி முகாம் அமைத்தார்கள். 1970இல் நகராட்சியாகவும் 1982இல் மாநகராட்சியாகவும் ஆன இந்த ஊரைக் கட்டியவர்களில் மராட்டியர் உண்டு, சிந்தி உண்டு, கன்னடர், தெலுங்கர், மலையாளி, பீகாரி, தமிழர் எல்லோரும் உண்டு.

அப்படியிருக்க, 1966இல் என்ன நடந்தது? அவ்வாண்டு ஜூன் மாதம் மும்பையில் சிவசேனை தொடங்கப்பட்டது. அதன் தலைவர் பால் தாக்கரே நடத்திய 'மார்மிக்' வார இதழில் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் வெளிவந்தன. லுங்கி கட்டியவனைத் துரத்து என்று தெருவில் கோஷம் போட்டார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த ஓட்டல்காரர்களில் பெரும்பாலோர் துளுவும் கன்னடமும் பேசுபவர்கள். ஆனால் கல்லெறிந்தவனுக்கு எல்லோரும் 'மதராசி'தான். இனவெறி என்பது ஆளைப் பார்ப்பதில்லை. ஒரு பெயரை ஒட்டிவைத்து அந்தப் பெயரையே அடிக்கிறது.

பெயர் மாறலாம், அடி மாறுவதில்லை. 2008இல் அடி வாங்கியவர்கள் வட இந்தியத் தொழிலாளர்கள். மும்பையிலிருந்தும் நாசிக்கிலிருந்தும் புணேயிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் ரயிலேறியதை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். "இம்முறை நாம் இல்லை" என்று சிலர் நிம்மதிப் பெருமூச்சும் விட்டோம். அந்தப் பெருமூச்சுக்காக நாம் வெட்கப்பட வேண்டும்.

மாறிவரும் நாட்டில் பழி யார் மேல்?

தோழர்களே! நாடு மாறும் காலத்தில்தான் இத்தகைய வெறி தலைதூக்குகிறது. இதற்கு நம் இனத்தின் வரலாறே சாட்சி. இலங்கை 1948இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அந்த மக்களை எண்ணிக்கை வைத்துப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று! எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று. விடுதலை என்பது பெரும்பான்மைக்கு விடிவாகவும் சிறுபான்மைக்கு இருட்டாகவும் ஆகிவிடலாகாது என்பதே அதன் பாடம்.

இங்கே நடந்த மாற்றம் என்ன? 1982 ஜனவரியில் மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியது. அது முறிந்தபின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலத்தில் அடுக்குமாடியும் கடைவீதியும் எழுந்தன. 1991க்குப் பிறகு நம் தொழிற்பேட்டையிலும் நிரந்தர வேலை சுருங்கி, கான்ட்ராக்ட் ஆள் பெருகினான். மராட்டியத் தொழிலாளியின் வேலையைப் பறித்தது பக்கத்துச் சாலில் குடியிருக்கும் சேலத்துக்காரனா? சாப்ராக்காரனா? குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் நிரந்தர ஆளை நீக்குபவன் எவனோ அவன் ஏசி அறையில் இருக்கிறான். அவன் எந்த மாநிலத்துக்காரன் என்று யாரும் கேட்பதில்லை.

மராட்டிய இளைஞனுக்கு வேலை வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதை நாம் மறுக்கவில்லை. தன் மண்ணில் தன் மொழிக்கு முதலிடம் கேட்பதையும் நாம் மறுக்க முடியாது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கிளர்ந்தெழுந்தது. 2025இல் முதல் வகுப்பிலிருந்தே இந்தி என்ற ஆணையை எதிர்த்து மராட்டிய மக்களும் குரல் எழுப்பி, அதைத் திரும்பப் பெறச் செய்தார்கள். இந்த விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே கட்சி. நாம் எதிர்ப்பது ஒன்றைத்தான்: மொழியின் பெயரால் ஏழை ஏழையை அடிப்பதை.

சட்டம் எந்த அளவுக்குத் துணை?

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் நமக்கு உரிமை தருகிறது. அரசு வேலையில் பிறந்த இடம், இனம், சாதி, வசிக்கும் இடம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. 29, 30ஆம் பிரிவுகள் மொழிச் சிறுபான்மையினருக்குத் தம் மொழியைக் காக்கவும் பள்ளி நடத்தவும் உரிமை தருகின்றன. மொழிச் சிறுபான்மையை மாநிலவாரியாகவே கணக்கிட வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கோடிக்கணக்கில் இருந்தாலும் மராட்டியத்தில் நாம் சிறுபான்மை. தமிழ்நாட்டில் மராட்டியர் சிறுபான்மை. தஞ்சையில் மராட்டிய மன்னர்கள் ஆண்டதும், பெரிய கோயில் சுவரில் சரபோஜி மன்னர் மராத்திக் கல்வெட்டு வெட்டி வைத்ததும் நினைவில் இருக்கட்டும்.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956இலேயே, தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்ய 350ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி ஆணையர் வேண்டும் என்று 350பி பிரிவும் சேர்க்கப்பட்டன. மொழிவாரி மாநிலத்தில் சிறுபான்மையினர் கதி என்ன என்று அண்ணல் அம்பேத்கர் 1955இலேயே எழுதி எச்சரித்தார் என்பதையும் மறக்கலாகாது. 1968இல் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் இந்தியா ஏற்றது. தோலின் நிறத்தோடு வம்சாவளி, இனப் பிறப்பு ஆகியவற்றால் காட்டும் பாகுபாட்டையும் அது தடை செய்கிறது.

இத்தனையும் ஏட்டில் இருக்கிறது. ஓட்டை எங்கே? 15, 16ஆம் பிரிவுகள் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அரசாங்கத்தை. ஒரு தனியார் பட்டறை கேட்டில் நம் பையனின் பெயரைப் பார்த்துவிட்டு "ஆள் தேவையில்லை" என்று அனுப்பினால், மொழியைக் கேட்டு வீட்டு வாடகை மறுத்தால், வழக்குப் போட நாடு முழுவதுக்குமான பாகுபாடு தடைச் சட்டம் ஒன்று இந்தியாவில் இல்லை. அது வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை.

அடிதடிக்குச் சட்டம் இருக்கிறது. பிறந்த இடம், மொழி ஆகியவற்றின் பேரில் பகை மூட்டுவது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 196ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் இந்த எண்ணைச் சொல்லிப் புகாரை எழுதச் சொல்லுங்கள்.

வழியில் கழன்று விழும் சான்றிதழ்

இனி, நம் உறுப்பினர்களில் பலருக்கு நெஞ்சில் முள்ளாய் இருக்கும் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு தாய் சென்ற மாதம் சங்கத்துக்கு வந்தார். கணவர் ஊரில் ஆதி திராவிடர். மகள் இங்கேயே பிறந்து இங்கேயே பன்னிரண்டாவது தேறியவள். கல்லூரியில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். "உங்கள் சாதி இந்த மாநிலப் பட்டியலில் செல்லாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "ஊரை விட்டு வந்தால் தீட்டு போய்விட்டதா, சலுகை மட்டும் போய்விட்டதா?" என்று அந்தத் தாய் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

காரணம் இது. 341, 342ஆம் பிரிவுகளின்படி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. தந்தையின் வேலை காரணமாக ஆந்திரத்திலிருந்து ஒன்பது வயதில் மும்பைக்கு வந்த ஒரு பழங்குடி மாணவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டபோது, வந்த மாநிலத்தில் அந்தச் சலுகை செல்லாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மராட்டியத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போராடிய குழு தொடுத்த வழக்கிலும் 1994இல் அதே முடிவுதான். சாதிக் கொடுமை மட்டும் ரயிலேறி வருகிறது. அதற்கான நிவாரணம் மாநில எல்லையில் இறங்கிக்கொள்கிறது!

எனினும் இரண்டு விஷயங்களை அறிந்துகொள்ளுங்கள். தந்தையின் ஊர்ச் சான்றிதழைக் காட்டிக் குடிபெயர்ந்தோருக்கான சான்றிதழ் பெறலாம். மாநிலச் சலுகைக்கு உதவாவிட்டாலும் மத்திய அரசு வேலைக்கு அது உதவும். அடுத்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது, நாடு முழுவதும் தொடரும் என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியிருக்கிறது. சாதி சொல்லி ஏசினால், "நீ வேறு மாநிலம்" என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது.

நம் வீட்டையும் பெருக்குவோம்

பிறரைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பைச் சாக்கிட்டுப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டபோது நம் ரத்தம் கொதித்தது. இன்று திருப்பூரிலும் சென்னையிலும் உழைக்கும் பீகாரிகளை 'வடக்கன்' என்று நம்மவரே இளக்காரம் செய்யும்போது ஏன் கொதிக்கவில்லை? 2023 மார்ச்சில், அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்பும் அளவுக்கு அவர்கள் மனத்தில் அச்சம் இருந்தது ஏன்? 1966இல் நம் அப்பன் பாட்டன் மும்பையில் பட்ட அச்சம்தானே அது?

செய்ய வேண்டியது என்ன?

நம் பிள்ளைகள் மராத்தியை நன்றாகப் படிக்கட்டும். பயந்து அல்ல, இது மகாத்மா பூலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்த மண் என்பதால். வீட்டில் தமிழ் நிலைக்கட்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி 'தமிழ்' என்று தவறாமல் எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை இல்லாமல் 350ஏ பிரிவு வாய் திறக்காது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, மின்சார பில் எதையும் தொலைக்காதீர்கள். டொமிசைல் சான்றிதழுக்குப் பதினைந்து ஆண்டுக் குடியிருப்பை நிரூபிக்க அவைதான் சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, மராட்டியத் தோழனும் பீகாரித் தோழனும் இருக்கும் தொழிற்சங்கத்தில் சேருங்கள். தனித் தமிழ்ச் சங்கம் நம் துக்கத்தைக் கேட்கும். நம் கூலியை உயர்த்த அந்தச் சங்கம்தான் வேண்டும்.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் தேடி, குடிபெயர்ந்த பட்டியல் சாதியினரின் உரிமை பற்றிய விண்ணப்பம் ஒன்றை நம் சங்கம் தயாரித்திருக்கிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறது. சாதி பாராமல் இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுவிட்டே வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.

வாழ்க உழைப்பாளர் ஒற்றுமை! ஜெய் மகாராஷ்டிரா! வாழ்க தமிழ்!