உலகப்படமும் நிரலும்: கோட்டுச்சட்டத்தைத் தேர்வது யார்?



புவியியல் பேராசிரியர்களும் நிரல் எழுதும் இளைஞர்களும் ஒரே அரங்கில் கூடியிருக்கிறீர்கள். நெடுநாளாக நான் விரும்பிய காட்சி இது. இதற்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

தலைமை உரையில் பலவற்றைத் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒன்றை மட்டும் வற்புறுத்த வந்திருக்கிறேன். இணையப் பக்கத்தில் உலகப்படம் வரைகிறவர், அதற்கான கோட்டுச்சட்டத்தை, அதாவது உருண்டையான உலகைத் தட்டையாக விரிக்கும் முறையை, தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் கைக்குக் கிடைத்த மென்பொருளிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

உருண்டையின் மேற்பரப்பைச் சிதைவில்லாமல் தட்டையாக விரிக்க முடியாது. 1827இல் கணிதவியலர் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து இது ஐயமின்றிப் பெறப்படுகிறது. ஆகவே எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. நிலப்பட வரைஞர் மெர்கேட்டர் 1569இல் கடலோடிகளை மனத்தில் வைத்து வரைந்தார். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை அவர் படத்தில் நேர்கோடாக விழும். அதற்காகப் பரப்பை விட்டுக்கொடுத்தார்: 60 பாகை அட்சத்தில் நிலம் 4 மடங்கு பெரிதாகத் தெரியும்.

2005இல் வந்த கூகுள் மேப்ஸ் இதே முறையைக் கைக்கொண்டதில் நான் குறை காணவில்லை. எந்த ஊர்த் தெருமுனையானாலும் செங்கோணம் செங்கோணமாகவே தெரிகிறது. வடக்கிலும் தெற்கிலும் 85.05 பாகையோடு நிறுத்திக்கொண்டால் உலகம் ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதை 256 பிக்சல் சதுரங்களாக நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போகலாம். தெருவைத் தேடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. அதே படத்தின் மேல் மக்கள் அடர்த்தியையும் காட்டின் பரப்பையும் வண்ணம் தீட்டிக் காட்டுகிறார்களே, அங்கேதான் தவறு நேர்கிறது. இந்தியா கிரீன்லாந்தைப் போல ஒன்றரை மடங்கு பெரியது; அந்தப் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாக நிற்கும். பக்கத்தில் சரியான எண்ணைப் பொறித்தாலும் பயனில்லை. கண் முதலில் வண்ணத்தின் அளவைத்தான் பார்க்கும். ஆய்வேடுகளில் இத்தகைய படங்களைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

இத்தனைக்கும் நிரலில் மாற்ற வேண்டியது ஒரே வரி. மைக் போஸ்டாக்கும் அவருடைய தோழர்களும் 2011இல் வெளியிட்ட, இணையத்தில் படம் வரைய உதவும் டி3 நிரல் நூலகத்தில் கோட்டுச்சட்டம் என்பது ஒரு சார்பு, அவ்வளவுதான். தீர்க்கத்தையும் அட்சத்தையும் கொடுத்தால் திரையில் புள்ளி விழ வேண்டிய இடத்தைத் தரும். மெர்கேட்டர் இருந்த இடத்தில் ஈக்குவல் எர்த் என்று எழுதினால் சமபரப்புப் படம் கிடைத்துவிடும். சாவ்ரிச், பாட்டர்சன், ஜென்னி மூவரும் 2018இல் அளித்த கொடை அது.

வரியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க, கனடிய எல்லை உட்ஸ் ஏரிப் பகுதியிலிருந்து பசிபிக் கரை வரை 49 பாகை அட்சத்தை ஒட்டியே செல்கிறது. படத்துக்கான தரவுக் கோப்பில் அதன் இரு முனைகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். டி3 அவற்றை உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியில் இணைக்கும். எல்லை வடக்கே வளைந்து, நடுவில் 90 கிலோமீட்டருக்கும் மேல் கனடாவுக்குள் புகுந்துவிடும். நிரலில் பிழை ஏதும் இல்லை. அத்தகைய கோப்புகளுக்கான ஜியோஜேசான் தரம் இரு புள்ளிகளுக்கு இடையே தட்டையான நேர்கோட்டைக் கருதுகிறது. டி3 கோளத்தைக் கருதுகிறது. இடையிடையே புள்ளிகளைச் சேர்த்தால் எல்லை தன் இடத்துக்கு வந்துவிடும்.

ஒரு நாட்டின் எல்லைப் புள்ளிகளை அடுக்கும் சுற்றுத் திசையும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் ஜியோஜேசான் தரம் வெளிச்சுற்றை இடஞ்சுழியாக எழுதச் சொல்கிறது; டி3 வலஞ்சுழியை எதிர்பார்க்கிறது. திசை மாறினால் இலங்கைக்குத் தீட்டிய வண்ணம் இலங்கையை மட்டும் விட்டுவிட்டு உலகம் முழுவதையும் நிரப்பும். கோளத்தின் மேல் வரைந்த வளையத்துக்கு எது உள், எது வெளி என்பதைத் திசைதான் சொல்ல முடியும். திரை முழுக்க ஒரே வண்ணமாகி மாணவர் திகைத்து நிற்கும் அந்த நேரமே கோள வடிவியலைக் கற்பிக்க உகந்த நேரம். ஆசிரியர்கள் அதை நழுவவிடக் கூடாது.

180 பாகைத் தீர்க்கக்கோட்டில் பிஜித் தீவுகள் இரு ஓரங்களுக்கும் பிரிந்து போகும் சிக்கலைப் பிற்பகல் அமர்வில் பேசவிருக்கிறார்கள். நான் முந்திக்கொள்ளவில்லை. கட்டுரை படிக்கும் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் திரையிடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே கோட்டுச்சட்டத்தின் பெயரையும் அதைத் தேர்ந்த காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். எழுத விட்டுப்போயிருந்தால் மேடையில் வாயாலேனும் சொல்லுங்கள். அவையினர் தயங்காமல் கேளுங்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.