காவிரி மீனும் ஒரு குறிப்பேடும்



தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்குக் கோடைக் காவிரி என்றால் மணல்தான் நினைவுக்கு வரும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படும். மீண்டும் திறப்பதற்குரிய நாள் ஜூன் 12. இடைப்பட்ட மாதங்களில் நம் ஆற்றில் பந்தாடலாம். மீன் பிடிக்க வேண்டுமானால் எங்கேனும் தேங்கிக் கிடக்கும் மடுவைத் தேடிப் போக வேண்டும். ஆகவே, தூண்டிலில் ஆசை கொண்ட நானும் உடன் பணியாற்றிய ஆசிரிய நண்பர்கள் மூவரும், 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே ஆறு கோடையிலும் ஓடுகின்ற இடத்தை நாடிப் புறப்பட்டோம்.

கருநாடகத்துச் சிவசமுத்திர அருவியைத் தாண்டிய காவிரி, ஒகேனக்கல்லை நோக்கி அடர்ந்த காட்டினூடே பாறைகளில் மோதிக்கொண்டு வருகிறது. பீமேசுவரி, கலிபோர் என்னும் இடங்களில் தூண்டிற்காரர்களுக்கென்றே அந்நாளில் விடுதிகள் இருந்தன. நாங்கள் தங்கியது கலிபோரில். படுக்கக் கூடாரம், மரத்தடியில் உணவு, ஆற்றில் செல்லப் பரிசல். துணைக்கு வந்த வழிகாட்டிகளிற் சிலர், ஒரு காலத்தில் அதே ஆற்றில் வெடி வைத்துத் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். மீன் எந்தப் பாறையடியில் ஒதுங்கும் என்று அறிந்த அந்த அறிவே பிறகு காவலுக்குப் பயன்பட்டது. இதைவிட நல்ல ஆசிரிய நியமனத்தை நான் கண்டதில்லை.

அங்கே எல்லோரும் தேடி வருவது மஹ்சீர் என்னும் பெருமீனை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது; உள்ளங்கை அளவு செதில்களும் தடித்த உதடுகளும் உடையது. 1946-ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. இத்தகைய மீனுக்கு இரை என்ன என்று நினைக்கிறீர்கள்? வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு உருண்டை!

பிடித்த மீனை எடை பார்த்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விடுதியின் விதி. “பிறகு எதற்காக ஐயா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று எங்கள் கணக்காசிரியர் கேட்டார். இரண்டாம் நாள் மாலை அவர் தூண்டிலிலேயே ஒன்று சிக்கியது. அரைமணி நேரம் அவரைப் பாறைக்குப் பாறை இழுத்தது. கரைக்கு வந்தபோது மீனைவிட அவருக்கே மூச்சு வாங்கியது. வழிகாட்டி அதை நீரோட்டத்திற்கு எதிர்முகமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தெம்பு வந்ததும் வாலை ஒரு வீச்சு வீசி மறைந்தது. பின்பு விடுதியின் குறிப்பேட்டில் மீனின் வகை, எடை, தூண்டிலிட்ட நேரம் ஆகியவற்றை எழுதினார்கள். பள்ளி வருகைப் பதிவேடு போன்ற சாதாரண வேலைதான்.

ஆனால் அந்தப் பதிவேடுதான் பிற்காலத்தில் பெரிய உண்மை ஒன்றை வெளிப்படுத்தியது. கலிபோரில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களைப் பற்றிய குறிப்புகளைப் பிண்டர், ராகவன், பிரிட்டன் என்னும் மூவர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் மஹ்சீர்களின் தொகை பெருகியிருந்தது. ஆறு செழிக்கிறது என்றே எவரும் மகிழ்வார்கள். வகை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் செய்தி வேறாயிற்று. பெருகியது நீலத் துடுப்பு மஹ்சீர். அது காவிரிக்கு உரியதன்று. மராட்டிய நாட்டு லோனாவாலாப் பண்ணையில் குஞ்சு பொரிக்கச் செய்து, நல்லெண்ணத்தோடுதான் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. காவிரிக்கே உரிய, முதுகு திமில் போல் உயர்ந்த, செந்துடுப்பு மஹ்சீரோ ஏறக்குறைய இல்லாமற் போய்க்கொண்டிருந்தது. அணைகளும், வெடியும், மணற் கொள்ளையும் அதற்கு முன்பே அதை நலிவித்திருந்தன.

விசித்திரம் என்னவென்றால், நூறாண்டுகளுக்கு மேலாகப் புகழ் பெற்றிருந்த அந்த மீனுக்கு அறிவியற் பெயர் உறுதிப்பட்டதே 2018-இல்தான். கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்து முன்பே ‘டோர் ரேமாதேவி’ எனப் பெயர் பெற்ற மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போது தெளிந்தார்கள். பாம்பாறு அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. பெயர் உறுதிப்பட்ட அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது.

வனவிலங்குச் சட்டத்தின்படி அந்தக் காட்டில் தூண்டிலிடுவது இப்போது நின்றுவிட்டது. சட்டத்தை நான் குறை கூறவில்லை; காட்டுக்குள் வேடிக்கைக்காக ஓர் உயிரைத் துன்புறுத்தலாமா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் தூண்டிலோடு குறிப்பேடும் மூடப்பட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. தூண்டிலை விட்டுவிட்டு, எண்ணுவதை மட்டுமாவது யாரேனும் தொடர்ந்திருக்கலாம்.

மேலே எங்கோ நடந்ததற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். கட்லா காவிரி மீன் அன்று. வேறு ஆறுகளிலிருந்து வந்து குடியேறியது. நாம் ஜிலேபிக் கெண்டை என்று அழைப்பது ஆப்பிரிக்க மீன். இந்தியாவிற்கு வந்தது 1952-இல். காவிரிக்கே உரியது கருமுழிக் கெண்டை. அண்மையில் கும்பகோணத்து மீன் அங்காடியில் கூடை வைத்திருந்த ஒரு முதியவரிடம், ஆற்று மீன் வரத்து எப்படி என்று கேட்டேன். “குறைவே இல்லீங்க ஐயா” என்றார். என்ன மீன் என்று கேட்டேன். கூடையை ஒரு முறை கிளறிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஜிலேபிதாங்க” என்றார்.