இட்லி குண்டானில் ஒரு சீஸ்கேக்

திருவையாறுன்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, ஜனவரி வாக்குல காவிரிக் கரையில நடக்கிற தியாகராஜர் ஆராதனை. இன்னொண்ணு அசோகா அல்வா. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய். இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு சீஸ்கேக் பத்தி எபிசோடான்னு நீங்க கேக்கலாம். எங்க அம்மாவும் அதையேதான் கேட்டாங்க.

காரணம் என் தங்கச்சி. சென்னையில ஒரு கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு நாள் காலையில மீட்டிங்னு கூப்பிட்டு, பதினஞ்சு நிமிஷத்துல வேலை போயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரூமைக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வந்தவ மூணு வாரமா ரூமை விட்டு வெளிய வரலை. சாப்பாடு தட்டுல போய், பாதி அப்படியே திரும்பி வரும். "என்ன பண்ணப் போற?"ன்னு யாரும் கேட்டுடாதீங்கன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க.

அவ பிறந்தநாளுக்கு மூணு நாள் இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சென்னையில இருந்தப்ப, அவ ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கஃபேக்குப் போய் ஒரே ஒரு ஸ்லைஸ் சீஸ்கேக் வாங்கி ரெண்டு ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவோம். ஒரு ஸ்லைஸ்தான், ஏன்னா விலை அப்படி. சரி, இந்தத் தடவை முழுசா ஒண்ணு நாமளே பண்ணிடுவோம்னு முடிவு பண்ணேன்.

ரெசிபியைத் திறந்தா முதல் வரியே அடி. 'ஸ்ப்ரிங்ஃபார்ம் பேன்.' பக்கவாட்டுல கிளிப் வச்சு, சுவர் தனியா அடித்தட்டு தனியா கழண்டு வர்ற டின் அது. அடுத்தது ஓவன். அதுக்கப்புறம் அந்த டின்னைச் சுடுதண்ணித் தட்டுக்குள்ள இறக்கி வேக வைக்கணுமாம், அதுக்கு ஒரு பெரிய ட்ரே. எங்க வீட்ல ஓவனும் இல்ல, டின்னும் இல்ல. ஆன்லைன்ல போட்டா டெலிவரிக்கு அஞ்சு நாள். பிறந்தநாள் தாண்டிடும்.

முதல் முயற்சி, எல்லாரும் சொல்ற குக்கர் வழி. 13 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூருக்கு பைக்ல போய் ரெண்டு பாக்கெட் க்ரீம் சீஸ் வாங்கிட்டு வந்தேன். குக்கர்ல கேஸ்கெட்டையும் விசிலையும் எடுத்துட்டு, அடியில கல்லுப்பு பரப்பி, பத்து நிமிஷம் சூடு பண்ணி, உள்ள ஒரு கிண்ணத்தை வச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தா, அடி கருகிப் போயிருக்கு, ஓரம் ரப்பர் மாதிரி, நடுவுல வெயில் காலத்து வயக்காடு மாதிரி வெடிப்பு. ஒரு வாய் வச்சேன். திரிஞ்ச பால் வாசனை. வாங்கின க்ரீம் சீஸ் மொத்தமும் காலி.

நான் அடுப்படியில உக்காந்து அந்தக் கிண்ணத்தைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். அப்பாயி வந்து எட்டிப் பாத்தாங்க.

"என்னடா தம்பி இது?"

"சீஸ்கேக் அப்பாயி. பாலாடைக்கட்டிய இனிப்பாக்கி வேக வைக்கிறது."

விரலால தொட்டுப் பாத்தாங்க. "சீம்பால் மாதிரியா? அத வெறுஞ்சட்டியில வச்சு எரிச்சா இப்பிடித்தான் ஆவும். நான் சீம்பால் எப்பிடி அவிப்பேன்? குண்டான்ல தண்ணி ஊத்தி, மேல கிண்ணத்த வச்சு, தீயக் கொறச்சு வைப்பேன். தீய ஏத்துனா ஓட்ட ஓட்டயா ஆயிடும். ஆட்டிப் பாத்தா நடுவுல லேசா ஆடணும். அப்ப எறக்கிடணும்."

மக்களே, நான் படிச்ச ரெசிபியில ரெண்டு பக்கத்துக்கு இருந்ததை அப்பாயி நாலு வரியில சொல்லிட்டாங்க. சுடுதண்ணி, குறைஞ்ச சூடு, நடுவுல ஆட்டம், சரியான நேரத்துல நிறுத்துறது. எல்லாமே அதுல இருக்கு.

சிட்டியில வளர்ந்தவங்களுக்குச் சீம்பால் தெரியாம இருக்கலாம். மாடு கன்னு போட்ட முதல் சில நாள்ல சுரக்கிற பால். கன்னுக்குட்டி குடிச்சது போக மிச்சத்துல வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில அவிப்பாங்க. சாதாரணப் பாலை எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டியா உறையாது. சீம்பால்ல புரதம் ரொம்ப அதிகம், சூடு பட்டதும் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டுத் தண்ணியை உள்ள பிடிச்சு வச்சுக்கும். அதான் துண்டு போடுற மாதிரி வருது. முட்டை போட்ட சீஸ்கேக்ல நடக்கிறதும் இதே வேலைதான். நடுப்பகுதி 65, 70 டிகிரியைத் தொட்டாலே போதும். சூடு அதிகமானா அந்தக் கை இறுகிப் போய்த் தண்ணியைப் பிழிஞ்சு வெளிய தள்ளும். என்னோட முதல் கேக் ரப்பரானது அதனாலதான்.

இப்ப இன்ஜினியர் மாதிரி யோசிச்சேன். ஒரு கருவி இல்லன்னா, அதோட பேரை மறந்துட்டு, அது என்ன வேலை செய்யுதுன்னு மட்டும் பாக்கணும்.

ஓவனுக்குள்ள சுடுதண்ணித் தட்டு வைக்கிறது எதுக்கு? சூடு கட்டுக்குள்ள இருக்கத்தான். அடுப்பை எவ்வளவு ஏத்தினாலும், மூடி லேசா மூடின குண்டான்ல ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. உப்பு பரப்பின குக்கர்ல அந்த வரம்பே கிடையாது. ஆக, இந்த வேலைக்கு இட்லி குண்டான் இருக்கு.

ஸ்ப்ரிங்ஃபார்ம் டின் எதுக்கு? கவுக்காம கேக்கை வெளிய எடுக்க. அதுக்கு நேர் சுவர் இருக்கிற எவர்சில்வர் சம்படம் போதும், கேக்கைத் தூக்க மட்டும் ஒரு வழி வேணும். பட்டர் பேப்பரை ரெண்டு நீளப் பட்டையா வெட்டி, கூட்டல் குறி மாதிரி குறுக்க வச்சு, நுனியை வெளிய தொங்க விட்டா அதுவே கைப்பிடி. அதுக்கு மேல நான் வாழை இலையைத் தணல்ல வாட்டி, வட்டமா வெட்டி அடியிலயும், பட்டையா வெட்டிச் சுவர்லயும் ஒட்ட வச்சேன். கொல்லையில மரம் இருக்கு, காசும் இல்ல.

இலையெல்லாம் ஓவரா இருக்கேன்னு தோணுதா? ஒடிஷாவுல சேனா போடான்னு ஒரு இனிப்பு இருக்கு. பனீர் மாதிரி திரிச்ச பாலை சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துப் பிசைஞ்சு, சால் இலையில சுத்திச் சுடுறது. அதுக்கும் ரொம்ப முன்னாடி, ஏறத்தாழ 2,200 வருஷத்துக்கு முன்னாடி, ரோமானியர் கேட்டோ விவசாயம் பத்தி எழுதின புத்தகத்துல லிபும்னு ஒரு பண்டம் வருது. சீஸ், மாவு, ஒரு முட்டை. அதை இலை மேல வச்சு, மண்சட்டியைக் கவுத்து மூடி, மெதுவா சுடச் சொல்றார். கிளிப் வச்ச டின் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே சீஸ்கேக்கோட தாத்தா பாட்டி எல்லாம் இலையிலயும் சட்டியிலயும்தான் வெந்துக்கிட்டு இருந்தாங்க.

சரி, செய்முறைக்கு வருவோம். அப்பாயி முட்டை சாப்பிட மாட்டாங்க, க்ரீம் சீஸும் தீர்ந்து போச்சு. அதனால ரெண்டாவது தடவை முட்டை இல்லாம, வீட்டுத் தயிர்ல பண்ணேன்.

முதல் நாள் ராத்திரி ஒரு கிலோ கெட்டித் தயிரைப் பழைய வேட்டித் துணியில கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு பாத்திரத்து மேல தொங்க விடுங்க. காலையில தண்ணி வடிஞ்சு சுமார் 400 கிராம் நிக்கும். புளிச்ச தயிர் வேண்டாம்.

அடித்தளத்துக்கு மேரி பிஸ்கட் 150 கிராம் பொடிச்சு, உருக்கின வெண்ணெய் 75 கிராம் ஊத்திப் பிசறுங்க. இலை போட்ட சம்படத்துல கொட்டி, டம்ளர் அடியால அழுத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. என் சம்படம் 18 சென்டிமீட்டர் அகலம். குண்டானுக்குள்ள இறங்குதான்னு முன்னாடியே வச்சுப் பாத்துடுங்க. நான் பாக்கல, கடைசி நிமிஷத்துல பக்கத்து வீட்ல பெரிய குண்டான் கேட்டு ஓடினேன்.

கலவைக்கு, 200 கிராம் பனீரையும் 100 கிராம் ஃப்ரெஷ் க்ரீமையும் மிக்சியில திப்பி இல்லாம அரைங்க. அதை ஒரு பாத்திரத்துக்கு மாத்தி, வடிச்ச தயிர், கண்டென்ஸ்டு மில்க் 300 கிராம், சோளமாவு ரெண்டு டேபிள்ஸ்பூன், ஒரு எலுமிச்சைப் பழத்தோட துருவின மஞ்சள் தோல், ஒரு ஸ்பூன் சாறு. இதுக்கப்புறம் மிக்சி வேண்டாம், கரண்டியால கலக்குங்க. அடிச்சா காத்து உள்ள போகும். அந்தக் காத்து வேகும்போது மேல கிளம்பி வெடிப்பு விடும்.

சம்படத்துல ஊத்தி, மேல ஒரு தட்டு போட்டு மூடுங்க. குண்டான்ல ரெண்டு அங்குலம் தண்ணி, அதுல ஒரு ஸ்டாண்டு, அது மேல சம்படம். குண்டான் மூடியில இட்லித் துணியைக் கட்டிடுங்க, இல்லன்னா ஆவி தண்ணியா சொட்டும். தண்ணி கொதிச்சதும் தீயைக் குறைச்சு, மூடிக்கும் குண்டானுக்கும் நடுவுல ஒரு ஸ்பூன் காம்பைச் செருகி வைங்க. கொஞ்சம் ஆவி வெளிய போனா உள்ள சூடு இன்னும் சாந்தமா இருக்கும். 45-லேர்ந்து 55 நிமிஷம். ஓரம் கெட்டியா நின்னு, நடுவுல மட்டும் ஜெல்லி மாதிரி ஆடினா அடுப்பை அணைங்க.

அணைச்சதும் வெளிய எடுக்காதீங்க. மூடியைப் பாதி திறந்து, அரை மணி நேரம் உள்ளயே விடுங்க. திடீர்னு குளிர்ந்தா சுருங்கி வெடிக்கும். நல்லா ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க. ஆறு மணி நேரத்துக்குக் குறைஞ்சா துண்டு நிக்காது. இதுல பொறுமை இல்லன்னா வேற எல்லாம் சரியா பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன். மேல அந்தப் பொன்னிறம் வராது. ஆவிக்கு அந்த வேலை தெரியாது. சுவையும் கடையில வாங்கின மாதிரியே இருக்காது. கொஞ்சம் லேசா, கொஞ்சம் புளிப்பா, வாழை இலை வாசனையோட இருக்கும். அதைக் குறைன்னு நினைச்சா ஓவன் வாங்கிக்கோங்க.

பிறந்தநாள் காலையில பட்டையைப் பிடிச்சுத் தூக்கினேன். முழுசா வந்துச்சு, ஒரு வெடிப்பு இல்ல. இலையோட வரி வரியான தடம் சுவர் முழுக்க அச்சு மாதிரி. முழுக் கேக்கையும் தூக்கிட்டுப் போய் அவ ரூம் வாசல்ல நின்னு, பழக்க தோஷத்துல ரெண்டு ஸ்பூனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் எந்திரிச்சு அடுப்படிக்கு வந்து, தரையில எங்களோட உக்காந்தா.

அப்பாயி முதல் வாய் வச்சாங்க. "சீம்பால்தான். கொஞ்சம் புளிக்குது."

தங்கச்சி ரெண்டாவது வாய் வச்சா. "அண்ணா, இது சீஸ்கேக் இல்ல." ஒரு நிமிஷம் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அடுத்து தட்டை நீட்டினா. "இன்னொரு பீஸ் குடு."

வேலை இன்னும் கிடைக்கல. அது ஒரு கேக்ல சரியாகிற விஷயமும் இல்ல. ஆனா போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்தேன், உள்ள ஒரு வேட்டித் துணி மூட்டை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அது நான் கட்டினது இல்ல.

இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்ல சம்படம் எந்த ஷெல்ஃப்ல தூங்குதுன்னு தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.