சிற்றூரின் மக்கள் தொகையும் போதைப்பொருளின் கேடும்

(ஊராட்சிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம அபிவிருத்தி என்றதும் சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், சாலையில் நடப்பவரும், பள்ளியில் பயில்பவரும், கிணற்று நீரைக் கொண்டு பயிரிடுபவரும் மக்களே. ஆதலின், ஊரின் முதற் செல்வம் அதன் மக்களே என்பதை நாம் மறத்தலாகாது. அச்செல்வத்தின் கணக்கே மக்கள் தொகைக் கணக்கு. அதனை உள்ளிருந்து அரிக்கும் கறையான்களுள் ஒன்று, நம் முன்னோர் லாகிரி வஸ்து என்று வழங்கிய போதைப்பொருள். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இன்று நாம் செய்ய விழைவது.

மக்கள் தொகை என்பது வெறும் எண் அன்று. நாலாயிரம் பேர் வாழும் ஊர் என்று சொன்னால் அவ்வூரைப் பற்றி நாம் ஒன்றும் அறிந்தவராக மாட்டோம். அவர்களுள் குழந்தைகள் எத்தனை பேர், உழைக்கும் வயதினர் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர், வேலை தேடி வெளியூர் சென்றோர் எத்தனை பேர், பெண் ஒருத்தியே உழைத்துக் காக்கும் குடும்பங்கள் எத்தனை என்று பகுத்துப் பார்க்கும் பொழுதுதான் ஊரின் உருவம் தெளிவாகும். போதைப்பொருள் பெரும்பாலும் உழைக்கும் வயதினரையே பற்றுகிறது. உழைப்பவர் ஒருவர் வீழ்ந்தால், அவர் கையை நம்பியிருக்கும் குழந்தையும் முதியவரும் உடன் வீழ்கின்றனர். எனவே, கேட்டினை அளக்க வேண்டுமாயின் போதை கொள்பவரின் தலையை மட்டும் எண்ணினால் போதாது. அவருடைய வீட்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதற்குச் சான்றாக அயல்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைக் கூற விரும்புகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானா என்னும் மாநிலம் உள்ளது. அதன் தென்கிழக்குப் பகுதியில், ஸ்காட் மாவட்டத்தில், ஆஸ்டின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்துப் பெருநகரமாகிய ஆஸ்டின் வேறு, இது வேறு. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வூரின் மக்கள் 4,295 பேர். மாவட்டம் முழுவதிலும் 24,181 பேர். நம் நாட்டுப் பெரிய ஊராட்சி ஒன்றின் அளவே அவ்வூர். உணவுப் பொருள்களை டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலை அங்கு உண்டு. எனினும் வறுமையும், வேலையின்மையும், பள்ளிப் படிப்பை முடிக்காதோர் தொகையும் அம்மாவட்டத்தில் மிகுந்திருந்தன. ஊருக்கு இருந்த ஒரே மருத்துவர், 2004 முதல் அங்குப் பணியாற்றிய டாக்டர் வில்லியம் குக் என்பவர்.

அம்மாவட்டத்தில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளானோர் ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இருந்து வந்தனர். 2015-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பதினொரு பேருக்குத் தொற்று இருப்பது தெரிய வந்து, சுகாதாரத் துறையினர் விசாரணை தொடங்கினர். ஏப்ரல் மாதத்தில் அத்தொகை 135 ஆயிற்று. நவம்பர் முதல் தேதிக்குள் 181 ஆயிற்று. பின்னர் அது 200-ஐயும் கடந்தது. நாலாயிரம் பேர் உள்ள நம் ஊராட்சி ஒன்றில் வீட்டுக்கு நால்வர் வீதம் ஆயிரம் வீடுகள் எனக் கொள்வோம். வீட்டுக்கு ஒருவராக 135 பேர் நோயுற்றால், ஏழெட்டு வீடுகளுக்கு ஒரு வீட்டில் நோயாளி இருப்பார். நான்கு மாதத்திற்குள் ஒரு சிற்றூர் இந்நிலையை அடைந்தால் அதன் கதி யாதாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்குக் காரணம் யாது? கடும் வலியைப் போக்குவதற்கென மருத்துவர் எழுதித் தரும் ஆக்சிமார்ஃபோன் என்னும் மாத்திரையே அது. ஓபானா என்னும் பெயரில் அது விற்கப்பட்டது. அபின் இனத்தைச் சேர்ந்த வலிமை மிக்க மருந்து அது. அதனைப் பொடித்து மூக்கால் உறிஞ்சும் பழக்கம் பரவியதால், எளிதில் பொடியாகாத வகையில் 2012-இல் அம்மாத்திரை மாற்றி அமைக்கப்பட்டது. அடிமைப்பட்டோர் அதனைக் கரைத்து ஊசி வழியே ஏற்றத் தலைப்பட்டனர். மாத்திரையின் விலை மிகுதியாதலின் ஒன்றைப் பலர் பங்கிட்டனர், ஊசியையும் பங்கிட்டனர். நாள் ஒன்றுக்கு நான்கு முதல் பதினைந்து முறை வரையில் ஊசி போட்டுக் கொண்டோர் இருந்தனர். பாட்டன், மகன், பேரன் என்று சொல்லத்தக்க மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டில் சேர்ந்து ஊசி போட்டுக் கொண்டமையும் விசாரணையில் வெளிப்பட்டது. ஒழுக்கத்தைக் கற்பிக்க வேண்டிய தலைமுறையே கேட்டினைக் கற்பிக்கும் நிலை வந்தால், அது தனி மனிதர் நோய் அன்று. குடும்பத்தின் நோய், ஊரின் நோய்.

இனி, இவ்வகை மருந்து உடலில் யாது செய்கிறது என்பதைச் சுருங்கக் காண்போம். அபின் இன மருந்து மூளையில் வலியை உணர்த்தும் வழியை அடக்குகிறது. அதனுடன் மூச்சினை இயக்கும் பகுதியையும் அடக்குகிறது. அளவு மிஞ்சினால் உறக்கத்திலேயே மூச்சு நின்று உயிர் போகும். நாலோக்சோன் என்னும் மாற்று மருந்தை உரிய நேரத்தில் செலுத்தினால் உயிரைக் காக்கலாம். பழகப் பழக, முன்பு போதிய அளவு பின்பு போதாதாகும். நிறுத்தினாலோ உடல் நோவு, வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை, உறக்கமின்மை ஆகியவை வாட்டும். இவ்வேதனைக்கு அஞ்சியே பலர் மீண்டும் அதனை நாடுகின்றனர். ஆதலின், 'மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே' என்று எளிதாகக் கூறிவிடுதல் பொருந்தாது. இது மருத்துவம் வேண்டும் நோய்.

ஊசியால் வரும் கேடு தனி. ஒருவர் பயன்படுத்திய ஊசிக் குழலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி தங்குகிறது. அடுத்தவர் அதனைக் குத்திக் கொள்ளும்போது எச்.ஐ.வி.யும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் அவர் குருதியில் கலக்கின்றன. ஹெபடைடிஸ் சி கிருமி ஊசிக் குழலில் வாரக் கணக்கில் உயிர் வாழ வல்லது. ஆஸ்டின் நிகழ்ச்சியில் எச்.ஐ.வி. தொற்றியோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றும் உடன் இருந்தது. இவையன்றி, குத்திய இடத்தில் சீழ்க்கட்டி, இதய வால்வுகளில் தொற்று ஆகியனவும் உண்டாகும்.

இத்துணைக் கேடும் வெளிப்படாமல் வளர்ந்தது எவ்வாறு? அம்மாவட்டத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து வந்த ஒரே நிலையம் 2013-இல் மூடப்பட்டு விட்டது. பரிசோதனை இல்லாத இடத்தில் நோய் இல்லை என்று எண்ணுவது, கணக்கெழுதாத கடையில் நட்டம் இல்லை என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். இன்னொரு காரணம் வெட்கம். சிற்றூரில் ஒருவரை ஒருவர் அறிவர். ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால் மாலைக்குள் அச்செய்தி ஊர் முழுதும் பரவிவிடும். அதற்கு அஞ்சி நோயை மறைத்தனர். மறைத்ததால் அது பரவியது.

ஊர் மீண்ட வகையையும் சொல்ல வேண்டும். 2015 மார்ச் 26-ஆம் நாள் மாநில ஆளுநர் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தார். பரிசோதனை, தடுப்பூசி, மருத்துவக் காப்புறுதிப் பதிவு, அடையாளச் சான்று ஆகிய யாவும் ஆஸ்டினிலேயே ஓரிடத்தில் கிடைக்கும்படி ஒரு மையம் திறக்கப்பட்டது. பழைய ஊசியைப் பெற்றுக் கொண்டு புதிய ஊசி தரும் திட்டம் ஏப்ரல் மாதத்தில் தொடங்கிற்று. 'ஊசி கொடுத்தால் போதையை வளர்ப்பதாகாதா?' என்று அங்கும் பலர் வினவினர். ஆயினும், ஊசி வாங்க வந்தவர் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழி கண்டனர். புதிய தொற்றுகள் பெரிதும் குறைந்தன. கேடு விளைத்த மாத்திரையைச் சந்தையினின்று விலக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 ஜூன் மாதத்தில் கேட்டுக் கொண்டது. அவ்வாண்டே அது விலக்கப்பட்டது. எனினும் கருத்து வேற்றுமை தீரவில்லை. 2021-இல் அம்மாவட்ட ஆணையர்கள் இருவருக்கு ஒருவர் என்ற வாக்கில் ஊசி மாற்றுத் திட்டத்தை நிறுத்த முடிவு செய்தனர்.

நிற்க. அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டின் நிலையைப் பாருங்கள். நடுவண் அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக டில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ளோருள் 14.6 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர் என்று அது கூறிற்று. ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றுவோர் ஏறத்தாழ எட்டரை இலட்சம் பேர். இவற்றினும் நாம் கருத வேண்டியது மற்றொன்று. மதுவுக்கு அடிமைப்பட்டோருள் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றவர். ஏனைய முப்பத்தேழு பேரும் எங்கே? அவர்கள் நம் ஊர்களில், நம் தெருக்களில், பல வேளைகளில் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர்.

நம் கிராமங்களில் மதுவும் புகையிலையுமே முதற்கேடு. ஈரல் சுருங்குதல், வாய்ப்புற்று, சாலை விபத்து, கூலி வீடு வந்து சேராமை ஆகியவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆயினும் கஞ்சாவும், வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கமும் தமிழ்நாட்டில் இல்லாதன அல்ல; காவல் துறையினர் தொடுத்த வழக்குகளே அதற்குச் சான்று. ஆஸ்டினில் கேடு விளைத்ததும் கள்ளச் சரக்கு எனத் தொடங்கியதன்று. மருந்துக் கடை மாத்திரையே.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில உள. முதலாவது, ஊரின் குடும்பக் கணக்கைக் கருத்துடன் பாருங்கள். உழைக்கும் வயதினர் வேலையின்றி இருக்கும் வீடு எது, பள்ளியை இடையில் விட்ட சிறுவர் எவர், தனித்திருக்கும் முதியோர் எவர் என்பதை அறிந்து வைத்திருங்கள். இது குற்றவாளிப் பட்டியல் அன்று. உதவி முதலில் சேர வேண்டிய வீடுகள் எவை என்று தெரிந்து கொள்வதற்கேயாகும். போதை கொள்வோரின் பெயரைத் தாளில் எழுதி ஊருக்குக் காட்டுதல் ஒருகாலும் கூடாது. எச்.ஐ.வி. தொற்றியவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

இரண்டாவது, சிகிச்சை உண்டு என்பதை வீடுதோறும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றினைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் விலையின்றித் தரப்படுகிறது. ஹெபடைடிஸ் சி நோயைச் சில மாத மருந்தால் குணமாக்கலாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அதுவும் இலவசம். போதைப்பழக்கம் பற்றி ஆலோசனை பெற 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. அதனை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க அதிகச் செலவு ஆகாது.

மூன்றாவது, சட்டத்திற்கு அஞ்சிச் சிகிச்சைக்கு வாராதோர் உண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டோர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெறுவாராயின், வழக்கினின்று விலக்குப் பெற வழி செய்கிறது. விற்போர் வேறு, வீழ்ந்தோர் வேறு. முன்னவரைச் சட்டத்திடம் ஒப்படைப்பதும், பின்னவரை மருத்துவரிடம் சேர்ப்பதும் நம் கடமை.

போதைதரும் பொருள்களின் நுகர்வைத் தடுக்க முயல்வதும், மக்கள் நலவாழ்வை உயர்த்துவதும் அரசின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 47-ஆம் விதி கூறுகிறது. அரசு என்பது கோட்டையில் மட்டும் இல்லை. செவிலியர் தட்டும் கதவிலும், மகளிர் குழு கூடும் திண்ணையிலும் இருக்கிறது. ஆஸ்டினில் பதினொரு பேர் என்றிருந்த நாளிலேயே மருந்தும் பரிசோதனையும் அவ்வூருக்கு வந்து சேர்ந்திருந்தால், எத்தனையோ பேர் தப்பியிருப்பர். நம் ஊரில் அந்தப் பதினொருவர் யார் என்று பிறர் வந்து சொல்லும் வரையில் நாம் காத்திராமல், இந்த மாதம் நடைபெறும் குழுக் கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துப் பேசுமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறோம்.